கதவு திறந்திருக்கும்போதே கூப்பிடுங்கள்: பொதுச் சேவைகளை மக்களோடு சேர்ந்து வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1968ஆம் ஆண்டு பிரெஞ்சு மாணவர் போராட்டத்தின்போது வெளியான ஒரு சுவரொட்டி, பள்ளிக்கூட இலக்கணப் பாடம்போல இருந்தது. ‘நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் அடைகிறார்கள்.’ ஐந்து இடங்களில் ஒரே வினை. ஆறாவது இடத்தில் வினையே மாறிவிடுகிறது.

மக்கள் பங்கேற்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறாவது இடம்தான் நினைவுக்கு வரும். கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டப்படும், நாற்காலிகள் நிறையும், ஒலிபெருக்கியில் நன்றியுரை வாசிக்கப்படும். ஆனால் திட்டத்தின் வரைபடம் அதற்கு முந்தின வாரமே அச்சுக்குப் போயிருக்கும். வந்தவர்களுக்கு இது தெரியாமல் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வருவதும் இல்லை. ‘மக்களுக்கு அக்கறை கிடையாது’ என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதப்படும்.

உள்ளாட்சி அலுவலர், ஒரு சேவையை நடத்தும் குழு, அல்லது ‘எங்களையும் கேளுங்கள்’ என்று வாசலில் நிற்கும் குடிமக்கள் அமைப்பு என மூன்று தரப்பினரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விளக்கத்துக்காக ஒரே உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: ஒரு நகரம் தன் பஸ் தடங்களை மாற்றியமைக்க நினைக்கிறது. பஸ்ஸுக்குப் பதில் மருத்துவமனை, நூலகம், குடிநீர் என்று எதை வைத்தாலும் படிகள் பெரும்பாலும் இவையேதான்.

படி 1: எது இன்னும் முடிவாகவில்லை என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் முடிவாகிவிட்டவை, வலப்பக்கம் முடிவாகாதவை. நம் உதாரண நகரத்தில் பஸ்களின் மொத்த எண்ணிக்கையும் பாதுகாப்பு விதிகளும் இடப்பக்கம் போகும். தடங்கள், நேர அட்டவணை, நிறுத்தங்கள், கடைசி பஸ் புறப்படும் நேரம் ஆகியவை வலப்பக்கம்.

இதைச் செய்யும்போது அலுவலகத்துக்குள்ளேயே சண்டை வரும். ஒருவர் திறந்திருப்பதாக நினைக்கும் விஷயத்தை இன்னொருவர் போன மாதமே ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டிருப்பார். அந்தச் சண்டை இப்போதே நடந்து முடியட்டும். மக்கள் முன்னிலையில் நடந்தால் செலவு அதிகம்.

தாளை முடித்தபின் வலப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பஸ்ஸுக்கு என்ன நிறம் பூசலாம் என்பது மட்டும் மிஞ்சியிருந்தால் கருத்துக் கேட்பை நடத்தாதீர்கள். ‘இதைச் செய்யப்போகிறோம், காரணம் இது’ என்று விளக்கும் தகவல் கூட்டம் நடத்துங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. தகவல் கூட்டத்துக்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் சூட்டுவதுதான் குற்றம்.

காலத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். டெண்டர் எந்தத் தேதியில், நிதி ஒதுக்கீடு எந்த மாதத்தில் என்று பார்த்து, அதற்கு முன்னால் மக்கள் பேசி முடிக்கப் போதிய வாரங்கள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் தேதியைத் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் கேள்வியைச் சுருக்குங்கள்.

படி 2: எவ்வளவு அதிகாரம் கைமாறுகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

அந்தச் சுவரொட்டியை உலகமறியச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன். 1969இல் அவர் எழுதிய கட்டுரை, பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டியது. அடியில் உள்ள இரண்டும் பங்கேற்பே அல்ல: மக்களை வசப்படுத்துவதும், குறை அவர்களிடம்தான் இருக்கிறது என்று ‘சிகிச்சை’ தருவதும். அவற்றுக்கு மேலே தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஓரிரு நாற்காலிகள் கொடுத்துச் சமாதானப்படுத்துவது. இந்த மூன்றையும் அவர் வெறும் அடையாளச் சடங்கு என்றார். உச்சியில் கூட்டாண்மை, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், குடிமக்கள் கட்டுப்பாடு.

எல்லாச் சேவையும் அந்த ஏணியின் எட்டாவது படிக்கு ஏறியாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தொற்றுநோய்ப் பரிசோதனையின் நெறிமுறையை வாக்கெடுப்பில் முடிவுசெய்ய யாரும் கேட்பதில்லை. நிற்கும் படி எது என்பதை மறைக்காமல் இருந்தால் போதும். ‘உங்கள் பரிந்துரைகளைப் பரிசீலிப்போம்’ என்பது எந்தப் படியிலும் சேராத வாக்கியம், அதை எழுதாதீர்கள்.

போலந்தின் க்டான்ஸ்க் நகரம் 2016இல் வெள்ளத் தடுப்பு குறித்து முடிவெடுக்கக் குலுக்கலில் தேர்ந்த குடிமக்கள் அவையைக் கூட்டியபோது, 80 சதவீத ஆதரவு பெறும் பரிந்துரையை நகர நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் என்பது விதியாக இருந்தது. உறுப்பினர்கள் பேசத் தொடங்கும்போதே தங்கள் பேச்சின் எடை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கம் பிரான்ஸ். 2019இல் அங்கே 150 குடிமக்களைக் கொண்டு காலநிலை மாநாடு தொடங்கியது. அவர்கள் தரும் முன்மொழிவுகள் ‘வடிகட்டாமல்’ முன்னெடுத்துச் செல்லப்படும் என்று அதிபர் மக்ரோன் வாக்குறுதி தந்தார். 149 முன்மொழிவுகள் வந்தன. மூன்றை ஒதுக்கிவைத்து மற்றவற்றை ஏற்பதாக அவர் சொன்னார். பிறகு அவற்றில் பல நீர்த்துப்போயின. 2021இல் உறுப்பினர்கள் மீண்டும் கூடி, தங்கள் முன்மொழிவுகளை அரசு நடத்திய விதத்துக்கு 10க்கு 3.3 மதிப்பெண் போட்டார்கள். வாக்குறுதி சிறியதாக இருந்திருந்தால் கசப்பும் சிறியதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எனவே ஒரு பக்க ஆவணம் ஒன்று தயாராக வேண்டும். என்ன கேட்கிறோம், யார் முடிவெடுப்பார், எதை ஏற்றே தீருவோம், எதை மறுக்கலாம், மறுத்தால் எத்தனை நாளில் எழுத்தில் காரணம் சொல்வோம். கையெழுத்து, உண்மையில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவருடையதாக இருக்கட்டும். மக்கள் தொடர்பு அலுவலரின் கையெழுத்துக்கு இங்கே மதிப்பில்லை.

படி 3: கேள்வியைச் செதுக்குங்கள்

பெரும்பாலான கூட்டங்கள் கேள்வியிலேயே தோற்றுவிடுகின்றன. ‘பஸ் சேவையை எப்படி மேம்படுத்தலாம்?’ என்று கேட்டால் இருநூறு பேர் இருநூறு ஆசைகளைச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் நியாயமாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் நகரத்தின் பஸ்கள் மும்மடங்காக வேண்டியிருக்கும்.

நல்ல கேள்வியில் ஒன்றைப் பெற இன்னொன்றை விடவேண்டியிருக்கும். ஒரு தடத்தில் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் நான்கு பஸ்கள் உண்டு. நான்கையும் ஒரே தடத்தில் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். அதே அளவுள்ள இரண்டு தடங்களுக்குப் பிரித்தால் 30 நிமிடத்துக்கு ஒன்று. நான்கு தடங்களுக்குப் பிரித்தால் மணிக்கு ஒன்று. முதல் ஏற்பாட்டில் பஸ் அட்டவணையைப் பார்க்கவே தேவையில்லை, ஆனால் நிறுத்தம் வரை அதிக தூரம் நடக்க வேண்டும். கடைசி ஏற்பாட்டில் வீட்டருகே பஸ் நிற்கும், ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் வேலை போய்விடும்.

இதில் எது சரி என்று எந்தப் போக்குவரத்துப் பொறியாளராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. முதியவரின் முழங்காலையும் இரவு வேலைக்குப் போகிறவரின் கடிகாரத்தையும் ஒரே தராசில் வைக்கும் சூத்திரம் கிடையாது. இது மதிப்பீடுகள் பற்றிய கேள்வி, ஆகவே மக்களுடையது. ஆனால் ஒரு தடத்தில் எத்தனை நிமிடம் ஆகும், வளைவில் பெரிய பஸ் திரும்புமா என்பவை தொழில்நுட்பக் கேள்விகள். அவற்றை வாக்கெடுப்புக்கு விடுவது மக்களை மதிப்பதாகாது. பழியை அவர்கள் தலையில் கட்டுவதாகும்.

இரண்டையும் பிரித்த பிறகு, கேள்வி இப்படி வரும்: ‘இப்போதுள்ள பஸ்களையே வைத்துக்கொண்டு, அடிக்கடி வரும் சில தடங்களா, பரவலாகச் செல்லும் பல தடங்களா? எந்தப் பகுதிக்கு எது?’ அச்சிடும் முன் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர்கள் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் திருத்துங்கள்.

படி 4: யார் வரமாட்டார்கள் என்று முதலில் பட்டியலிடுங்கள்

வருபவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவர்கள் வந்துவிடுவார்கள். ஓய்வுபெற்றவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பழகியவர்கள். அவர்களில் பலர் நல்லவர்கள், விவரம் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் நகரம் அல்ல.

இரவுப் பணியாளர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அலுவல் மொழி தெரியாதவர்கள், சிறுவர்கள் என்று உங்கள் பட்டியல் நீளும். ஒரு வகையினரை எல்லோரும் மறந்துவிடுவார்கள்: அந்தச் சேவையையே கைவிட்டவர்கள். பஸ்ஸில் ஏறுபவர்களிடம் மட்டும் கேட்டால், பஸ் வராததால் ஏறாமல் போனவரின் குரல் எந்தக் கணக்கிலும் வராது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன, இரண்டும் வேண்டும். ஒன்று குலுக்கல். சில ஆயிரம் வீடுகளைக் குலுக்கலில் எடுத்து அழைப்புக் கடிதம் அனுப்புவார்கள். சம்மதம் சொன்னவர்களிலிருந்து வயது, பாலினம், கல்வி, வசிப்பிடம் ஆகியவை மக்கள்தொகையின் விகிதத்தோடு பொருந்தும்படி இரண்டாவது குலுக்கல் நடக்கும். அயர்லாந்து 2016இல் கூட்டிய குடிமக்கள் அவையில் ஒரு தலைவரும் மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும்படி தேர்ந்த 99 பேரும் இருந்தார்கள். கருக்கலைப்புத் தடை போன்ற, அரசியல்வாதிகள் தொட அஞ்சிய விவகாரத்தைக்கூட அவர்கள் நிதானமாகப் பேசினார்கள். 2018இல் நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் மாற்றத்தை ஆதரித்தார்கள்.

இரண்டாவது வழி, தேடிப் போவது. கடைசி பஸ்ஸில் ஏறுங்கள். மருத்துவமனை வாசலில், வேலை முடிந்து வெளியேறும் கதவருகில், பள்ளி விடும் நேரத்தில் நில்லுங்கள். யாருக்கு முன்னுரிமை என்ற கேள்விக்குக் குலுக்கல் பொருத்தம். சேவை எங்கே இடறுகிறது என்று அறிய அதை அன்றாடம் பயன்படுத்துபவர்களே பொருத்தம். முதல் வகைக் கேள்வியை இரண்டாம் வகையினரிடம் மட்டும் கேட்டால் ஏற்கெனவே பயன்பெறுபவர்களின் பக்கம் முடிவு சாயும்.

பணம் கொடுங்கள். பயணச் செலவு, நாள்படி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், மொழிபெயர்ப்பாளர், சைகைமொழி. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, நெறியாளர், ஆலோசகர் எல்லோரும் அந்த நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவர் மட்டும் இலவசமாக உழைக்க வேண்டும் என்பதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைப்பது கூச்சமாக இருக்கிறது.

படி 5: களப் பணியாளர்களை விட்டுவிடாதீர்கள்

ஓட்டுநரும் நடத்துநரும் தெருவை அறிந்தவர்கள். எந்த நிறுத்தத்தில் முதியவர்களை ஏற்ற இரண்டு நிமிடம் ஆகிறது, எந்தச் சாலை மழைக்குத் தாங்காது என்று சொல்ல அவர்களால் முடியும். அவர்களை ஒதுக்கிவிட்டு மக்களோடு மட்டும் திட்டமிட்டால், திட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கும் அதில் ஆச்சரியம் இராது.

இங்கிலாந்தின் லூட்டன் நகர மருத்துவமனையில், தலை–கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில், 2000களின் நடுப்பகுதியில் உருவாகிய முறை பின்பற்றத் தக்கது. நோயாளிகளிடம் தனியாகவும் பணியாளர்களிடம் தனியாகவும் அனுபவத்தைக் கேட்கிறார்கள். நோயாளிகள் பேசியதைப் படம்பிடித்துத் தொகுக்கிறார்கள். மனத்தைத் தொட்ட அல்லது காயப்படுத்திய தருணங்கள் எவை என்று குறிக்கிறார்கள். அதன் பிறகே இரு தரப்பும் ஒரே அறையில் கூடி, எவற்றை மாற்றலாம் என்று தேர்ந்து, கலந்த சிறு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள். முதலில் தனித்தனியாக, பிறகு சேர்ந்து என்ற வரிசைதான் இதில் சூட்சுமம். நேராகச் சேர்த்து உட்காரவைத்தால் நோயாளி மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வார், பணியாளர் தற்காப்புக்கு இறங்கிவிடுவார்.

படி 6: தகவலைச் சமமாகக் கொடுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நான்கைந்து பக்கக் குறிப்பு போகட்டும். எதிர்ப்பவர்களுக்கும் அதே அளவு பக்கம் கொடுங்கள். எந்த நிபுணர்கள் வந்து பேச வேண்டும் என்பதில் பங்கேற்பாளர்களுக்கும் குரல் இருக்கட்டும். எண்கள் குறைவாக, ஒப்பிடும்படியாக இருக்கட்டும். துறைக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்கள் ஒன்றுகூட வேண்டாம்.

படி 7: அறையை ஒழுங்குசெய்யுங்கள்

மேடை, அதன் எதிரே வரிசை நாற்காலிகள், நடுவே ஒற்றை ஒலிபெருக்கி. இந்த அமைப்பு ஒரு மணி நேரத்தில் நான்கு பேரைப் பேசவைத்து, நூறு பேரைக் கைதட்டவைக்கும். மேடையை எடுத்துவிடுங்கள்.

ஜெர்மனியில் பீட்டர் டீனல் என்ற சமூகவியலாளர் 1970களில் உருவாக்கிய ‘திட்டமிடும் குழு’ முறையில், குலுக்கலில் தேர்ந்த சுமார் 25 பேர் சில நாட்கள் ஊதியத்தோடு கூடுவார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து பேசுவார்கள், குழுவின் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஐந்து பேர் உள்ள மேசையில் சொற்பொழிவு எடுபடாது. ஆட்கள் மாறுவதால் குட்டித் தலைவர்கள் முளைக்கவும் நேரமில்லை. எனக்குத் தெரிந்து கூட்ட நடத்தையில் இதைவிட மலிவான, பலன் மிகுந்த உத்தி வேறில்லை.

பேசத் தயங்குபவர்கள் இருக்கும் இடத்தில் டோனி கிப்சன் இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த முறை உதவும். அட்டையாலான முப்பரிமாண மாதிரியாக ஊரையே மேசையில் வைத்துவிட்டு, ‘இங்கே நிறுத்தம் வேண்டும்’, ‘இங்கே விளக்கு இல்லை’ போன்ற சீட்டுகளை அவரவர் விரும்பும் இடத்தில் வைக்கச் சொல்வார்கள். சீட்டை யார் வைத்தார் என்ற கேள்வியே எழாது. கண்கள் மாதிரியின் மீது இருக்கும். முகத்துக்கு முகம் மோதல் குறையும். பஸ் தடங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: மேசைக்கு ஒரு வரைபடம், நான்கு பஸ்களுக்கான வண்ண நூல். நூல் தீர்ந்தால் பஸ்ஸும் தீர்ந்தது. படி 3இல் சொன்ன பேரத்தை மக்கள் கையாலேயே தொட்டு உணர்வார்கள்.

இணையத்தில் நடத்துவதானால் ஓர் எச்சரிக்கை: பின்னூட்டப் பெட்டியைத் திறந்து வைப்பது கலந்தாய்வு ஆகாது. தைவானில் 2015இல் ஊபர் வாடகை வண்டிகள் பற்றிய விவாதத்துக்கு ‘பொல்.இஸ்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதும் கூற்றுக்கு மற்றவர்கள் ஒப்புதலோ மறுப்போ தெரிவிக்கலாம், தாண்டியும் போகலாம்; ஆனால் பதில் எழுத முடியாது. பதில் எழுத முடியாததால் வசை வளராது. யார் யார் ஒத்த கருத்துடையவர்கள் என்று அது குழுக்களாகக் காட்டும். எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஒப்புக்கொண்ட கூற்றுகள் எவை என்பதும் மேலே மிதந்து வரும். கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு சுற்று நடத்தினால், ஏற்கெனவே உடன்பட்ட விஷயங்களில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

முடிவு எடுக்கும் விதியையும் முதல் நாளே அறிவியுங்கள். ஒருமித்த கருத்தா, மூன்றில் இரண்டு பங்கா, எளிய பெரும்பான்மையா? சிறுபான்மைக் கருத்து அறிக்கையில் இடம்பெறுமா? இடம்பெறட்டும், பின்னால் திட்டம் இடறும்போது அந்தப் பக்கங்கள்தான் முதலில் தேடப்படும்.

படி 8: பணம் கைமாறும்போது தேவைக்கு எடை கொடுங்கள்

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகரத்தின் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை மக்களும் சேர்ந்து முடிவுசெய்யும் முறை, உலகம் முழுவதும் பரவியது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் வாக்களிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதன் கணக்குமுறைதான் பெரிதாகத் தெரிகிறது. மக்கள் கூட்டங்களில் முன்னுரிமைகளைத் தேர்வார்கள். ஆனால் பணத்தைப் பகிரும்போது பகுதியின் மக்கள்தொகைக்கும் அங்கே அந்தச் சேவை எவ்வளவு குறைவாக உள்ளது என்பதற்கும் சேர்த்துப் புள்ளிகள் தரப்பட்டன. கழிவுநீர்க் குழாய் இல்லாத பகுதிக்கு, ஏற்கெனவே உள்ள பகுதியைவிட அதிகப் புள்ளி. சத்தமாகக் கேட்பவருக்கே எல்லாம் என்ற நிலையை இது தடுத்தது.

இன்று பல நகரங்களில் நடக்கும் இணையவழி பட்ஜெட் வாக்கெடுப்புகளில் இந்த எடை காணாமல்போயிருக்கிறது. வெறும் வாக்கு எண்ணிக்கை என்றால், நேரமும் இணைய இணைப்பும் உள்ள பகுதியே பூங்காவைத் தட்டிச்செல்லும். நீங்கள் நடத்தினால் எடையை விதிகளிலேயே எழுதிவிடுங்கள், கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வருமுன் அவற்றின் செலவைத் தோராயமாகவாவது கணித்துப் போடுங்கள். வென்ற பிறகு ‘இதற்குப் பணம் போதாது’ என்று சொல்வதைப்போல ஆளைத் துரத்துவது வேறெதுவும் இல்லை.

படி 9: சிறிதாகத் தொடங்கிப் பாருங்கள்

இரண்டு தடங்கள், மூன்று மாதங்கள். எந்த அளவு எட்டினால் தொடர்வோம், எட்டாவிட்டால் நிறுத்துவோம் என்று முன்பே எழுதிவையுங்கள். பங்கேற்பாளர்களில் சிலர் அந்த பஸ்களில் பயணம் செய்து குறிப்பெடுக்கட்டும்.

படி 10: நடத்துவதிலும் பங்கு, ஆனால் சுமையைத் தள்ளிவிடாமல்

பொதுச் சேவை என்பது கடையில் வாங்கி எடுத்துப்போகும் பொருள் போன்றது அல்ல. மாணவர் படிக்காமல் ஆசிரியரால் மட்டும் கல்வியை உருவாக்க முடியாது; நோயாளி மருந்தை உட்கொள்ளாமல் மருத்துவர் குணப்படுத்த முடியாது. 1970களில் அமெரிக்க நகரங்களின் காவல் சேவையை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் இதற்குக் ‘கூட்டு உற்பத்தி’ என்று பெயர் வைத்தார்கள். தெருவில் நடப்பதைக் குடியிருப்பவர்கள் சொல்லாவிட்டால் காவலருக்கு எப்படித் தெரியும்? பொதுவளங்கள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

கராச்சியின் ஒராங்கி பகுதியில் அக்தர் ஹமீது கான் 1980இல் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல சான்று. வீட்டுக் கழிப்பறையும் சந்துகளில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் மக்களின் பொறுப்பு. சந்துக்குச் சந்து பணம் திரட்டி, தொழில்நுட்ப வழிகாட்டலோடு அவர்களே கட்டினார்கள். முதன்மைக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. எந்த வேலை யாருடையது என்ற கோடு தெளிவாக இருந்தது.

அந்தக் கோடு இல்லாவிட்டால் ‘மக்கள் பங்கேற்பு’ என்பது செலவைக் குறைக்கும் தந்திரமாகிவிடும். ஆள் குறைப்பு செய்துவிட்டுத் தன்னார்வலர்களைக் கூப்பிடுவது அதன் வழக்கமான உருவம். இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மக்கள் இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் சேவை நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் அது ஊதியம் பெறும் பணி. வேலையோடு சேர்த்து முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் அது வெறும் இலவச உழைப்பு.

படி 11: கணக்கை ஊர்முன் வாசியுங்கள்

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 இறுதியில் பொது விசாரணைகளைத் தொடங்கியது. உள்ளூர்ப் பணிகளின் கூலிப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊரார் முன் உரக்க வாசிப்பார்கள். பட்டியலில் பெயர் உள்ளவரே எழுந்து ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை’ என்பார். காகிதத்தில் நேர்த்தியாக இருந்த கணக்கு அங்கேயே உடையும். அந்த இயக்கத்திலிருந்து எழுந்த கோரிக்கைகள் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை ஒரு பிரிவாகவே இடம்பெற்றது.

தணிக்கைக்கு வரும் ஆவணம் வாசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். நானூறு பக்கக் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு வெளிப்படைத்தன்மை என்பது ஏமாற்று. பஸ் தடம் ஒன்றுக்கு ஒரு பக்கம் போதும்: ஓட்டுவதாகச் சொன்ன நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை, செலவு எவ்வளவு, புகார்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை.

இதோடு மதிப்பெண் பட்டியலையும் சேர்க்கலாம். பெங்களூரில் சாமுவேல் பால் 1994இல் வெளியிட்ட குடிமக்கள் அறிக்கை அட்டையில், நகரின் சேவை நிறுவனங்களுக்குப் பயன்படுத்துபவர்களே மதிப்பெண் போட்டார்கள். 1999இலும் 2003இலும் மறுபடியும் போட்டார்கள். மறுபடி போடுவதில்தான் அதன் பலம். ஒரே ஒரு முறை வரும் மதிப்பெண்ணை நிறுவனம் பொறுத்துக்கொண்டுவிடும்.

படி 12: பலன் இருந்ததா என்று நேர்மையாக அளவிடுங்கள்

பங்கேற்பை விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான பகுதி. உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நிலையத்தின் செயல்பாடு பற்றிய தகவலை மக்களுக்குக் கொடுத்து, பணியாளர்களோடு கூடிப் பேசவைத்தபோது, அந்த இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. பிறகு அதே நாட்டில் 376 நிலையங்களில் அதைப்போன்ற முயற்சியைப் பெரிய அளவில் சோதித்தபோது, உடல்நல விளைவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை.

ஆகவே, வேறிடத்து வெற்றிக் கதையை நம்பி உங்கள் அளவீட்டைக் கைவிடாதீர்கள். தொடங்கும் முன் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள். சேவையைப் பற்றி ஒன்று (சராசரிக் காத்திருப்பு), பகிர்வைப் பற்றி ஒன்று (மிகக் குறைவான சேவை பெறும் பகுதியின் நிலை), நம்பிக்கையைப் பற்றி ஒன்று (பங்கேற்றவர்களில் மறுபடியும் வருவேன் என்பவர்கள்). ஓராண்டு கழித்து அதே மூன்றையும் எடுங்கள். மூன்றும் அசையவில்லையென்றால் அதையும் வெளியிடுங்கள்.

படி 13: பதில் சொல்லுங்கள், அதைச் சட்டத்தில் கட்டிவையுங்கள்

நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை: மக்கள் சொன்னது, நாங்கள் செய்வது, செய்ய மறுத்தால் காரணம், பொறுப்பாளரும் தேதியும். மூன்றாவது நெடுவரிசையை எழுதத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ‘இரவு 12 மணி பஸ் கேட்டீர்கள், ஓட்டுநர்களின் ஓய்வு நேர விதியால் இந்த ஆண்டு முடியாது, 11 மணி பஸ்ஸை 11.30க்குத் தள்ளுகிறோம்’ என்று நேராகச் சொன்னால் பலர் ஏற்பார்கள். மௌனத்தை யாரும் ஏற்பதில்லை. அட்டவணையை இணையத்தில் போட்டால் மட்டும் போதாது. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள், பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டுங்கள்.

இத்தனையும் ஒரு நல்ல அதிகாரியின் ஆர்வத்தில் நடக்கும். அவருக்கு இடமாற்றம் வந்ததும் நின்றுவிடும். உலகுக்கு வழிகாட்டிய போர்ட்டோ அலெக்ரேயிலேயே 2017இல் பங்கேற்பு பட்ஜெட்டை நிறுத்திவைத்தார்கள். பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதி வேறு வழியில் சென்றது. 2019இல் அதன் நாடாளுமன்றம், 24 பேர் கொண்ட நிரந்தரக் குடிமக்கள் மன்றத்தைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. எந்தப் பொருளைப் பற்றி அடுத்த குடிமக்கள் அவை பேச வேண்டும் என்று அந்த மன்றமே தீர்மானிக்கும். வரும் பரிந்துரைகளை நாடாளுமன்றம் குடிமக்களோடு விவாதித்தாக வேண்டும், ஏற்க மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும், என்ன ஆயிற்று என்று பின்னால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

உங்கள் நகரத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லாவிட்டால் நகர்மன்றத் தீர்மானம் போதும். பதில் சொல்லக் காலக்கெடு, அதற்கென ஒதுக்கிய நிதி, பொறுப்பான பதவி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதாமல் பதவியின் பெயரில் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் தேதியையும் தீர்மானத்திலேயே போட்டு, படி 1இல் கோடு போட்ட அந்தத் தாளைப் புதிதாக எடுத்துவைக்கும் வேலையை அந்தப் பதவியில் இருப்பவரிடம் ஒப்படையுங்கள்.